அப்பா பெயரில் வந்த மேற்கோள்

கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லின் முதலாளியோடு சண்டை போட்டுவிட்டுத் திருவண்ணாமலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மதியம் சாப்பிட்டது. வேங்கிக்கால் டீக்கடை முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவரின் புத்தகக் கட்டு, கயிறு அறுந்து சிதறியது. பொறுக்கிக் கொடுத்தேன். கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவர். பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார்.

பஞ்சாயத்துத் தேர்தல் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்திருந்தது. அதை வேறு யாராவது மேற்கோள் காட்டியிருப்பதை மறுநாள் கல்லூரியில் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சி மாணவர்களை எடுத்துக்கொள்ள விடமாட்டார்கள்.

“இப்ப எல்லாரும் உலகமயம், உலகமயம்னு எழுதுறான். பஞ்சாயத்த எவனும் சீண்டல. மெட்ராஸ்ல ஒரு சிநேகிதன்கிட்ட கெஞ்சி இத்தனை இதழையும் தூக்கிட்டு வந்தேன். இங்கிலீஷ் படிப்பியா தம்பி?”

“எழுத்துக் கூட்டுவேன் சார்.”

என் உள்ளங்கையில் பேனாவால் தன் முழுப்பெயரை எழுதினார். அப்பா பெயர் முன்னால், அவர் பெயர் பின்னால். ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் உள்ள பெயர்களில் அதைத் தேட வேண்டும். வியர்வையில் பின்பாதி அழிந்துவிட்டது. மிச்சமிருந்ததைத் தேடினேன்.

“தோ இருக்கு சார்.”

குனிந்து பார்த்தார். “யோவ், இது எங்க நைனா பேருய்யா!”

அடுத்த நொடி பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். கட்டுரை அனுப்பியபோது குடும்பப் பெயர் கேட்டார்களாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அந்த இடத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதிவிட்டார். இத்தனை நாளும் அவர் தன் பெயரைத் தேடிக்கொண்டிருக்க, வெளிநாட்டுக்காரர்கள் அவர் அப்பாவை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று கிடைத்தது. பிறகு இன்னொன்று. ஒருவர், கட்டுரையே தப்பு என்று எழுதியிருந்தார்.

“திட்டினாலும் மேற்கோள் மேற்கோள்தான்யா!” என்று டீக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஆள் டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதே வேகத்தில் என்னையும் ஆட்டோவில் ஏற்றி அடி அண்ணாமலையில் அப்பாவின் மல்லாட்டைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

“நைனா, உன்ன அமெரிக்காவுல மேற்கோள் காட்டுறாங்க!”

கைநாட்டு வைக்கிற அந்தப் பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். “என் மேல எவன்டா கோள் சொன்னது? நான் யார் வம்புக்கும் போறதில்லியே!”

மகன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

“இவன் கெடக்குறான். நீ யாரு? மல்லாட்டை புடுங்குவியா?”

“புடுங்குவேங்க.”

மறுநாள் காலை மகன் புத்தகக் கட்டோடு கல்லூரிக்குப் போனார். அமெரிக்கா மேற்கோள் காட்டுகிற மனிதரின் கொல்லையில் நான் மல்லாட்டை பிடுங்க இறங்கினேன்.