மாலை இருக்கும்வரை பேச்சு

விசுவநத்தத்தில் ரத்தினசாமி, சொர்ணலட்சுமி தம்பதியைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் இல்லை. பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாக நடக்கிறார். ஆடியில் இருக்கன்குடி, தையில் திருச்செந்தூர், பங்குனியில் பழனி. என்ன ஒற்றுமை என்றது தெரு.

அந்த ஒற்றுமையின் லட்சணம் ரத்தினசாமிக்குத்தான் தெரியும்.

ஒரு தீபாவளி சீசனில் ஆர்டர் மலையாகக் குவிந்து கிடந்தது. ஆள் போதவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த மகன் சூர்யபிரகாஷை அவர்தான் எழுப்பினார்.

"புள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்கி. விட்டுருங்க" என்று சொர்ணலட்சுமி கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

கேட்கவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மகன் வேலை பார்த்த வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தபோது அவர் கேட்டருகே லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் கெஞ்சலோடு அவரிடம் அவள் பேச்சு நின்றுபோனது. சோறு வைப்பாள், துணி துவைப்பாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள். வேலை இருந்தவரை கம்பெனிச் சத்தத்தில் காலம் ஓடிற்று. ஓய்வுக்குப் பிறகு அந்த வீட்டில் பகல் முழுவதும் உட்கார முடியாமல் திருச்செந்தூருக்கு மாலை போட்டார். மாலை போட்டவரைக் கட்டிய பெண்டாட்டியும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். முகம் கொடுக்காமல் இருப்பது தெய்வக் குற்றம்.

மறுநாள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"சாமி, சாப்பிட வாங்க."

ரத்தினசாமி கொல்லைப்புறம் ஓடி, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதார்.

பிறகு அவளும் மாலை போட்டாள். வழியெல்லாம் பேசினாள். ஊர் திரும்பி மாலை கழன்றதும் பழைய ஊமைதான். உடனே அவர் அடுத்த கோயிலைத் தேடுவார்.

இந்தத் தையில் அவளுக்கு மூட்டு வீங்கிவிட்டது.

"சொர்ணம் சாமி, நொண்டிக்கிட்டே வீட்டுக்காரருக்குத் தண்ணி நீட்டுறீகளே! எங்க வீட்டுச் சாமி டீக்கடையக் கண்டா என்னையவே மறந்துரும்" என்று கூட நடந்த பொன்மணி கேலி செய்தாள். சொர்ணலட்சுமியும் சிரித்தாள்.

திருச்செந்தூரில் சாமி பார்த்துவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்தார்கள்.

"இனிமே என்னால நடக்க முடியாது சாமி" என்றாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "அப்ப, வீட்டுல..?"

அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "சாமியா இருந்தா பேச வருது. எம்புள்ளையக் கூட்டிட்டுப் போன மனுசன்கிட்ட வரமாட்டேங்கி. நானும் எம்புட்டோ பாத்துட்டேன்."

தன் மாலையைக் கழற்றினாள். அவருடையதையும் கேட்டுக் கை நீட்டினாள்.

அவர் மாலையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இது கெடக்கட்டும். நான் சாகுற மட்டும் கெடக்கட்டும்."

"வெறுங்காலு, தரையில படுக்கை, வாழ்நாள் பூராம் விரதம். இந்த வயசுல தாங்குவீகளா?"

தாங்குவேன் என்று அவர் தலையை ஆட்டினார். அவள் வெகுநேரம் அவரையே பார்த்தாள். கண் நிறைந்தது. மன்னித்தேன் என்ற சொல் மட்டும் வரவில்லை. அது இனி வராது என்பது இருவருக்கும் தெரியும்.

எழுந்து, நொண்டியபடி முன்னால் நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"மணல் சுடுது. மெதுவா வாங்க சாமி."