துணைக்கு ஒருவர்

"நூத்தி எழுவத்தாறே கால்! பேனாவக் கீழ வையி. மொதல்ல பென்சில்ல எழுதுன்னு எத்தினி தடவ சொல்றது?"

நூற்று எழுபத்தாறே கால் பேனாவைக் கீழே வைத்தான். சுலோச்சனா அக்கா அவன் விண்ணப்பத்தைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போட்டிருந்த குற்றத்துக்காக, பக்கத்தில் நின்ற அவன் அப்பாவுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. "மார்க் ஷீட்ல பின்னாடி இருக்குது, இங்க முன்னாடி வந்து குந்திக்கிச்சி. மெட்ராஸ்ல ஒருத்தன் இதப் பாத்துட்டு நீ வேற ஆளும்பான். நீ நீதான்னு யாரு போயி சாட்சி சொல்றது, உங்கப்பாவா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கத்து விவசாயி. மாட்டைக்கூட இப்படி யாரும் அவர் எதிரில் அதட்டியிருக்க மாட்டார்கள்.

அக்காவுக்குப் பிள்ளைகளின் பெயர் நிற்காது. கட்-ஆஃப் மார்க்தான் பெயர். கால், அரை, முக்கால் உட்பட ஒன்றும் மறக்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் சீட் வாங்கி, இப்போது வேலையும் கிடைத்து, ஸ்வீட் பாக்ஸோடு வந்த ஒருவனை, "அட, இருநூத்தி நாப்பத்தொண்ணே முக்கா! மீசையெல்லாம் வெச்சிட்டியே!" என்று வரவேற்றார். இப்போது கட்-ஆஃப் இருநூறுக்கு; அவன் காலத்தில் நுழைவுத் தேர்வும் சேர்த்து முந்நூறுக்குக் கணக்கு. அதுவும் ஞாபகம் இருக்கிறது அவருக்கு.

கடை என்னுடையது. விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், வாசலை அடைத்தாற்போல் ஒரு மேஜை. அந்த மேஜை எப்போது அவருடையதாயிற்று என்று எனக்கே தெரியாது. மற்ற நாளில் அவர் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தால் ஜூலை கடைசியில்தான் எழுந்திருப்பார். வக்கீல் ஒரு தடவை பொறுக்காமல், "வேலைய வுட்டுடுங்கம்மா" என்றாராம். "ஆகஸ்ட்ல பேசிக்கலாம் சார்" என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கூலி என்று ஒரு பைசா வாங்க மாட்டார். முந்திரிப் பருப்பு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார், பலாப்பழம் வந்தால் எனக்கும் பங்கு உண்டு. ஆள் பிடிக்க வருகிற தனியார் கல்லூரி ஏஜெண்டுகள் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். அதையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் படியிறங்குவதற்குள் நோட்டில் அந்தக் கல்லூரியின் மேல் ஒரு கோடு போடுவார். "கடியாரம் குடுக்குற காலேஜில வாத்தியாரு இருக்க மாட்டான் தம்பி." அவர் வீட்டில் இப்போது ஐந்து கடிகாரங்கள். ஒன்றும் சரியாக ஓடாது.

அந்த நோட்டுதான் அவருக்குச் சொத்து. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மார்க்கில் மூடியது, எங்கே லேப் வெறும் பூட்டு, எங்கே ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை, எல்லாம் பத்து வருஷத்துக்கு இருக்கிறது. "காலேஜப் பாரு, குரூப்பப் பாக்காத" என்பதை ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வார். கேட்டுக் கேட்டு என் மெஷின்கூட அதைச் சொல்லும் போலிருக்கிறது. துபாயிலிருந்து போனில் பேசும் மங்கலம்பேட்டை அப்பாவுக்கும் அதேதான், பெண்ணாடத்துக் கரும்புக்காரருக்கும் அதேதான்.

இஞ்சினீயரிங் கவுன்சிலிங் அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி இருக்கும்: மாணவருடன் துணைக்கு ஒருவர் மட்டும் அனுமதிக்கப்படுவார். மற்ற ஊர்களில் அந்த ஒருவர் அப்பா, இல்லாவிட்டால் மாமா. எங்கள் ஊரில் சுலோச்சனா அக்கா. அப்பாக்களும் விடியற்காலை பஸ்ஸில் கூடவே மெட்ராஸ் வரைக்கும் வருவார்கள். வாசலில் பிள்ளையையும் ஃபைலையும் இவரிடம் ஒப்படைத்துவிட்டு, "நான் உள்ள வந்து என்னாத்தங்க பண்ணப் போறேன், நீங்களே பாத்து முடிச்சிடுங்க" என்று மரத்தடியில் நின்றுவிடுவார்கள். இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் அவர்களை அப்படி மிரட்டி வைத்திருக்கின்றன. சொந்தப் பிள்ளையின் தலையெழுத்து முடிவாகிற இடத்தில் சொந்த அப்பனுக்கு நாற்காலி கிடையாது. அதை யாரும் பிடுங்கவில்லை, அவர்களாகவே விட்டுக்கொடுத்தார்கள். இந்த வழக்கத்தை நானும் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். புத்தி கெட்டவன்.

2007-ல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். கோச்சிங் போக வழியில்லாமல் ஒதுங்கியிருந்த பிள்ளைகளெல்லாம் ப்ளஸ் டூ மார்க்கை மட்டும் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து இறங்கினார்கள். அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டின தொண்டையோடும் திட்டினார். அந்தக் கூட்டத்தில் வந்தவள்தான் கயல்விழி, நூற்று எண்பத்தொன்பதரை. அப்பா பெயர் பாவாடை, தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். அம்மா அம்புஜவல்லி அதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். பாவாடை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் காது மடலில் வெள்ளைத் தூசி ஒட்டியிருக்கும். பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்த காலேஜா வேணா இருக்கட்டும்மா. கம்ப்யூட்டரு, இல்லன்னா கரண்டு. நெழல்ல குந்திக்கினு பாக்குற வேலையா இருக்கணும்." அக்கா அதற்கேற்ப மூன்று கல்லூரிகளை நோட்டில் குறித்து அவரிடம் படித்துக் காட்டினார். அவரும் தலையாட்டினார். மூவரும் மெட்ராஸ் போனார்கள். பாவாடை மரத்தடியில் நின்றார். இவர்கள் இருவரும் உள்ளே போனார்கள்.

உள்ளே பெரிய திரையில் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவர்கள் முறை வருவதற்குள் குறித்து வைத்த மூன்றும் நிரம்பிவிட்டன. மீதியிருந்ததில் இரண்டுதான் கவனிக்கத் தக்கவை. ஒன்று, எங்கோ ஒரு மாவட்டத்தில் போன வருஷம் ஆரம்பித்த கல்லூரியில் கம்ப்யூட்டர், கட்டடமே பாதிதான் எழும்பியிருக்கிறதாம். இன்னொன்று, கவுன்சிலிங் நடக்கிற அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே செராமிக் டெக்னாலஜி. கம்ப்யூட்டரில் இருந்த பையன் நல்லவன். "வெளில அப்பா இருந்தா கேட்டுட்டு வாங்க மேடம், அஞ்சு நிமிஷம் வெயிட் பண்றேன்" என்றிருக்கிறான்.

"வேணாம் சார், எனக்குத் தெரியும்" என்றிருக்கிறார் அக்கா.

இதை அவரே என்னிடம் சொன்னார். "ஆசதான் தம்பி. பத்து வருசமா அந்த கேட்டுக்குள்ள புள்ளைங்கள இட்டுக்கினு போயி இட்டாரேன். ஒண்ணாவது அங்கியே தங்கிப் படிக்கணும்னு ஆச. பொய் சொல்லுவானேன்?"

வெளியே வந்து, "உள்ளயே கெடச்சிடுச்சிங்க! யாருக்கும் கெடைக்காத எடம்!" என்று பாவாடையிடம் சீட் ஒதுக்கிய ஆர்டரை நீட்டினார்.

"என்னா குரூப்புங்க?"

"செராமிக் டெக்னாலஜி."

"அப்பிடின்னா? பீங்கானா?"

"நீங்க செய்யுற வேல இல்லீங்க. இது இஞ்சினீரு படிப்பு."

பாவாடை அந்தத் தாளை வாங்கவில்லை. "இருவத்திரெண்டு வருசம் அந்தத் தூசியத் தின்னு நெஞ்சு அடச்சிக் கெடக்குதும்மா. இவ அதுல வுழக் கூடாதுன்னுதான் படிக்க வெச்சேன். நீங்க பாரம் எழுதி, பஸ்ஸு புடிச்சி, இம்மாந்தூரம் வந்து, திருப்பியும் அதுலயே கொண்டாந்து தள்ளிட்டீங்களே." ஆர்டரை மாற்ற முடியாது, எடுத்தது எடுத்ததுதான் என்று அக்கா சொன்னபோது அவருக்கு இருமல் வந்துவிட்டது.

நானும் யோக்கியனில்லை. அக்கா மெட்ராஸிலிருந்து போன் செய்த ஐந்தாவது நிமிஷம், கயல்விழியின் போட்டோவைப் பெரிதாக்கி, 'பல்கலைக்கழக வளாகத்தில் இடம் பிடித்த எங்கள் மாணவி' என்று அச்சடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். என்ன எங்கள் மாணவி? ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததைத் தவிர நான் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தேன்? மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் பாவாடை சைக்கிளை நிறுத்தி அதைப் படித்தார். உள்ளே என்னைப் பார்த்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் அதைக் கிழிக்க இரண்டு நாளாயிற்று.

சேர வேண்டிய கடைசித் தேதிக்குள் அக்கா அவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை அம்புஜவல்லி வாசலில் நின்று, "அவரு வூட்ல இல்லீங்க" என்றார். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. தேதி முடிந்தது. உள்ளூர்க் கல்லூரியிலும் அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. ஒரு மாசம் கயல்விழி வீட்டில் சும்மா இருந்தாள். பிறகு ஒருநாள் காலையில் அம்மாவோடு கம்பெனிக்குக் கிளம்பினாள். பாவாடை வழியை மறித்தாராம். "மண்ணப் படிக்கத்தான கூடாதுன்ன? வேல செய்யக் கூடாதுன்னு சொல்லலியே" என்று கேட்டுவிட்டு அவரைத் தாண்டிப் போனாள். அன்றிலிருந்து அவளும் பொம்மைக்குக் கண் எழுதுகிறாள்.

ஊர் பாவாடையைத்தான் ஏசியது. கையில் கிடைத்த சீட்டைக் காலால் உதைத்தவன் என்று டீக்கடையில் பேசினார்கள். நானும் அப்படித்தான் பேசினேன், லேபிள் அச்சடித்துக் கொடுக்க அந்தக் கம்பெனிக்குப் போகிறவரை. அரை மணி நேரம் அங்கே நின்றேன். சாயங்காலம்வரை எச்சிலில் பீங்கான் மாவு ருசி போகவில்லை. அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

அக்கா இதோடு மெட்ராஸ் போவதை விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மறுவாரமே ஒரு நூற்று அறுபத்தெட்டரையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஒண்ணு கெட்டுப்போச்சின்னு மத்ததுங்கள வுட முடியுமா தம்பி?" எனக்குக் கோபம் வந்தது. கெட்டுப்போச்சாம்! கெடுத்தது யார்? ஆனால் கேட்கவில்லை. போன வருஷம் முழுக்க, இந்த வருஷமும், பேச்சு எப்போது அந்தப் பக்கம் திரும்பினாலும் அவரிடம் ஒரே வாசகம்தான்: "அந்தாளு மட்டும் ஒத்துக்கிட்டிருந்தா."

போன மாதம் ஒரு மத்தியானம் கயல்விழி கடைக்கு வந்தாள், இரண்டு வருஷத்தில் முதல் தடவை. வலது கை விரலிடுக்கில் கறுப்புப் பெயிண்ட். கூடவே தங்கை மகேஸ்வரி, இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்தவள். கையில் நர்ஸிங் விண்ணப்பம். மேஜையைச் சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

"வாடி, வா," என்றார் அக்கா. குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. "உங்கப்பா மட்டும் அன்னிக்கி ஒத்துக்கிட்டிருந்தா இந்நேரம் நீ மூணாவது வருசம் போயிருப்ப."

"எங்கப்பாவ வுடுங்க மேடம். அவரு வெளிய நின்னாரு. நான் ஒங்க பக்கத்துலதான குந்தியிருந்தேன்? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உன்ன என்னாத்தடி கேக்கறது?"

"எனக்கு என்னா படிக்கணும்னு."

நான் மெஷினை நிறுத்தினேன். அக்கா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சரி, என்னா படிக்கணும்னு இருந்த?"

"பி.எஸ்ஸி. கணக்கு. இங்கியே, கவர்மெண்ட் காலேஜில. கணக்கு டீச்சராவணும்னு இருந்தேன். அதுக்கு மெட்ராஸே போயிருக்க வேணாம் மேடம். வூட்லேருந்து சைக்கிள்ல பத்து நிமிசம்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அவரு கம்ப்யூட்டருன்னாரு, நீங்க கேம்பஸுன்னீங்க. எனக்கு யாருகிட்ட சொல்றதுன்னே தெரியல."

"ஏன்டி, இப்ப மட்டும் என்னா வயசா போயிடுச்சி? பாரம் வாங்கியாரச் சொல்றேன், நானே..."

"வேணாம் மேடம். அப்பாவால இப்ப வேலைக்கிப் போவ முடியல. நானும் காலேஜி போயிட்டா இவள யாரு படிக்க வெக்கிறது?" தங்கையின் தோளில் கை வைத்தாள். "இவளுக்கு நர்ஸிங்கு. நான் கேட்டுட்டேன். நீங்க கேக்க வேணாம். துணைக்கும் நானே போறேன். இங்கிலீஷ்ல எதுனா புரியலன்னா மட்டும் சொல்லுங்க."

அக்கா பழக்கத்தில் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். கயல்விழி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். "அவளே எழுதுவா."

அக்கா எழுந்தார். மே, ஜூன் மாதங்களில் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மகேஸ்வரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. பிறகு விண்ணப்பத்தின் ஒரு காலிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தி யோசித்தாள். அவள் தோளுக்கு மேலாக அக்காவின் வலது கை நீண்டது. தாளைத் தொட நாலு விரற்கடை இருக்கும்போது நின்றது. அக்கா அதைப் பின்னால் இழுத்து முதுகுக்குப் பின்னே கொண்டுபோய், இடது கையால் அதன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் தானாக யோசித்து எழுதி முடிக்கிறவரை பிடித்துக்கொண்டே நின்றார்.