ஆயாவின் நெல்லுப் பெட்டி

எங்கள் ஆயா இறந்த அன்றைக்கு, சவப்பெட்டிக்காக யாரும் அலையவில்லை. அது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே வருஷக்கணக்காக இருந்தது. உள்ளே நெல் இருந்தது.

ஆயா ஜெர்மனியில் பிறந்தவள். கப்பலேறி இந்தப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தவள். வாந்திபேதியில் தாயைப் பறிகொடுத்த கைக்குழந்தை ஒன்றைத் தூக்கி வளர்த்தாள். அந்தக் குழந்தைதான் என் அம்மா. மற்ற வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியபோது ஆயா போகவில்லை. முசரவாக்கத்தில் எங்களோடேயே இருந்துவிட்டாள். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டிலாவது இப்படி ஒரு ஆயா உண்டா? வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, எங்களைப் போலவே பேசுவாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இந்த ஊர்ப் பொம்பளை என்றுதான் நினைப்பார்கள்.

கண்ணைத் திறந்தால்தான் வித்தியாசம். இங்கே உள்ள ஆண்களைவிட ஆயா ஒரு தலை உயரம். "இங்க செய்யற பொட்டியில நான் அடங்கமாட்டேன். கால மடக்கிக்கினு பரலோகம் போவ என்னால முடியாதுப்பா" என்று சொல்லி, வாலாஜாபாத் தச்சரிடம் தன் உயரத்துக்கு ஒரு பெட்டி செய்து வாங்கி வந்துவிட்டாள். கூடத்தில் வெறும் சவப்பெட்டியைப் பார்க்க அம்மாவுக்குப் பயம். அதனால் வீட்டில் இருந்த நெல்லையெல்லாம் அதில் கொட்டி மூடிவிட்டாள். காஞ்சிபுரத்துக்குத் தறி நெய்யப் போகும் அப்பா, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம், "அத்தே, ஒங்க பொட்டிச் சோறு துன்னுதான் எனக்கு ஆயுசு ஏறுது" என்பார். ஆயா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒருநாள் நான் கேட்டேன், "ஆயா, நீ எப்ப இதுல படுத்துக்குவ?"

"அதுல நெல்லு இருக்குதே, எனக்கு எடம் ஏது? காலியானா பாத்துக்கலாம் போ."

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா ஒவ்வொரு முறை நெல் அவிக்க அள்ளும்போதும் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். புழக்கடையில் ஆயா வளர்த்த கோழிக்கென்று ஒரு பானையில் நெல் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதிலிருந்து ஒரு கை அள்ளுவேன். கூடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியில் போடுவேன். ஆயாவின் உயிரை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை.

அம்மாவுக்கு அந்தப் பானையைக் கண்டால் ஆகாது. "ஒத்தக் கோழிக்கு இம்மாம் நெல்லாம்மா?"

"அதுக்குப் பசி ஜாஸ்திம்மா. நீ உன் வேலையப் பாரு."

ஒரு ஐப்பசி மாதம் ஆயா காய்ச்சலில் படுத்துவிட்டாள். வெளியே விடாத மழை. பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், கூடத்துப் பாயில் நெல் குவிந்து கிடக்கிறது. பெட்டி வெறுமனே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயாவின் கட்டிலில் ஆள் இல்லை.

பையை எறிந்துவிட்டு ஒரே தாவாகத் தாவிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எடம் இல்ல! எடம் இல்ல!" என்று கத்தினேன்.

"ஏய், எழுந்திரு! இன்னா கூத்துடி இது?" அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

அப்போது சமையல்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருடி அது என் பொட்டியில?"

போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் கஞ்சி தம்ளரோடு ஆயா நின்றாள். முகம் வெளுத்துக் கிடந்தது, ஆனால் கண்ணில் சிரிப்பு இருந்தது. "எழுந்து வா. அது உனக்குத் தொளதொளன்னு இருக்குது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் விக்கலும் ஒன்றாக வந்தன. எங்கள் தெரு மாட்டுவண்டிக்காரத் தாத்தா காலையில் இறந்துபோனாராம். பாலாற்று வெள்ளம் ரோட்டில் ஏறிவிட்டதால் வாலாஜாபாத்திலிருந்து பெட்டி வர வழியில்லை. "அவரு பாயில சுருட்டிக்கினு போவணுமா? நான்தான் எழுந்துட்டேனே, எனக்கு எதுக்கு இப்போ?" என்றாள் ஆயா.

தாத்தா குள்ளம். கால்மாட்டில் மிஞ்சிய இடத்துக்கு வைக்கோல் அடைத்துத் தூக்கிப் போனார்கள். எல்லாரும் துக்கத்தில் இருக்க, நான் மட்டும் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கித் தின்றேன். பெட்டியே போய்விட்டது, இனி ஆயாவுக்கு ஏது சாவு?

பொங்கல் கழிந்து புதுப்பெட்டி வந்து இறங்கியது. அப்பா அதைக் கீழே வைக்கும் முன்னே நான் கோழிப் பானையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "போடு, போடு" என்றாள் ஆயா.

அதற்குப் பிறகும் அவள் ரொம்ப வருஷம் இருந்தாள். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு, ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நெல்லை நான்தான் கோணியில் அள்ளினேன். காலை நன்றாக நீட்டி, தாராளமாகப் படுத்திருந்தாள். அழுகைக்கு நடுவிலும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இப்போதும் கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்கப் போனால், அவள் மேடு மட்டும் மற்றதைவிட நீளமாகத் தெரியும்.

பூ வைக்கும்போது அந்தக் கோழிப் பானை ஞாபகம் வரும். நான் தினமும் அள்ளியும் அது குறைந்ததே இல்லை. எங்கள் வீட்டில் நெல் இருந்த இடமோ அந்தப் பெட்டி ஒன்றுதான். புதுப்பெட்டி வந்த வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸுக்குக் கோழியை அறுத்து எல்லாரும் தின்றோம், நானும்தான் தின்றேன். மறுநாள் போய்ப் பார்த்தால் பானை நிறைய நெல். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு கை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.