காலில் உட்கார்ந்த கறுப்புக் கோழி

மனைவி இறந்த பிறகு முதுநகர் வீட்டில் ஆர்பிங்டன் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். உருண்டு திரண்ட சீமைக் கோழி. மழைமேகம் போன்ற நீலச்சாம்பல் நிறத்தில் குஞ்சு எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் பைத்தியம். தாயும் தகப்பனும் நீலமாக இருந்தாலும் சில குஞ்சுகள் கறுப்பாக வந்துவிடும். அவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன்.

ஒரு கறுப்புப் பெட்டை மட்டும் விலைபோகாமல் வீட்டுக்குள் திரிந்துகொண்டிருந்தது. அதை வாங்க சிதம்பரத்திலிருந்து ஒரு அம்மா கூடையோடு பஸ்ஸில் வந்தார்.

"கலரெல்லாம் வேணாண்ணே. வீட்ல நான் ஒருத்திதான். பேச்சுத் துணைக்கு ஒண்ணு இருந்தா போதும்."

வாசலில் குந்தி அரிசியை நீட்டினார். கோழி அதைத் தின்றது. தின்றுவிட்டு நேராக என்னிடம் வந்து, என் பாதத்தின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"தெனமும் இப்பிடித்தானா?"

"ஆமா, நான் சாப்புடறப்பல்லாம் வந்து குந்திக்கும். ஒரே தொல்லை."

அவர் வெறும் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். நான் வேற எங்கனா பாத்துக்கறேன்."

குனிந்து பார்த்தேன். வெயிலில் அந்தக் கறுப்பு இறகு முழுக்கப் பச்சையாக மினுங்கியது. கோழி வளர்க்கிறவன், அதுவரை கவனித்ததே இல்லை.

நிமிர்ந்தபோது அந்த அம்மா தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார். அவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. கூப்பிட்டால் கோழி விழித்துக்கொள்ளுமே என்று, காலை அசைக்காமல் அப்படியே நின்றேன்.