கடைத் திறப்பில் வாசித்த மொய்

எர்ணாவூர் குடியிருப்பில் ரமாபாய் மீன் குழம்பு வைப்பதைப் பார்க்கப் பதினோராயிரம் பேர் லைவில் வந்து உட்காருவார்கள். ரசிகர்கள் அனுப்பும் பணத்தைக் கல்யாண வீட்டு மொய் மாதிரி அவள் உரக்க வாசிப்பாள். "மஸ்கட்டு அறிவு, நூறு ரூபா! நல்லா இரு நைனா!" தன் பெயரை அந்த வாயால் கேட்பதற்கென்றே மாதச் சந்தா கட்டியவர்கள் ஆயிரத்துக்கு மேல்.

சேனலைத் திறந்து கொடுத்தது திருவொற்றியூர் செல்போன் கடை இசக்கிப்பாண்டி. ரீசார்ஜ் பண்ணித் தருகிறவன்தானே என்று பாஸ்வேர்டு, பேங்க் கணக்கு எல்லாவற்றையும் அவன் பெயரிலேயே விட்டது அவள் செய்த பிசகு. மாதம் நாலாயிரத்தை நீட்டி, "கம்பெனிக்காரன் இவ்வளவுதான் தாரான் யக்கா" என்பான். உடன்குடியில் இருக்கும் தன் தாய் சீனியம்மாள்கூட அவள் ரசிகை என்று பெருமை வேறு அடித்துக்கொள்வான்.

ஒருநாள் மார்க்கெட்டில் கௌசர் என்றொரு பெண் அவள் கையைப் பிடித்தாள். "வூட்டுக்காரருக்கு ஆபரேசன் முட்ஞ்சிச்சாக்கா? நானும் ஐநூறு போட்டேனே."

ரமாபாயின் கணவன் பீம்ராவ் செத்து ஆறு வருஷம். கௌசர் போனில் காட்டிய நன்கொடைப் பக்கத்தில் அவன் பழைய படம், கீழே கொடுத்தவர்களின் பெயர், தொகை, வேண்டுதல், மொத்தம் ஆறு லட்சம். பணம் போய்ச் சேரும் கணக்கு இசக்கிப்பாண்டி பெயரில். அவன் சந்தாப் பணத்தைத் தின்றதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். செத்தவனைப் படுக்கையில் போட்டுப் பிச்சை எடுத்திருக்கிறானே! பெயர்ப் பட்டியலை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஒரு மாதம் காத்திருந்தாள்.

இசக்கிப்பாண்டி இரண்டாவது கடையைத் திறந்தபோது லைவ் போட அவளைத்தான் கூப்பிட்டான். ரிப்பன் வெட்டினாள். மைக்கை வாங்கினாள். பையிலிருந்து மாலை போட்ட படத்தை எடுத்துக் கேமரா எதிரே பிடித்தாள்.

"இதான் என் வூட்டுக்காரரு. செத்து ஆறு வருசம் ஆவுது. ஆபரேசனுக்குத் துட்டு குட்த்தவங்க நல்லா பாத்துக்கோங்க. அல்லாம் இவன்கிட்டதான் கீது."

அவன் போனைப் பிடுங்கப் பாய்ந்தான். குடியிருப்புப் பெண்கள் இருபது பேர் குறுக்கே நின்றார்கள். "மானத்தை வாங்காதிய யக்கா, பூராத்தையும் திருப்பிக் குடுத்துருதேன்."

"குடுப்ப. மொதல்ல மொய்யப் படி. ஒரு பேரு வுடக் கூடாது."

அச்செடுத்த தாள்களை அவன் கையில் திணித்தாள். வேர்த்து வழிய வாசித்தான். மொத்தத்தை மட்டும் பார்த்தே பழகியவன், பெயர்களை ஒருநாளும் பார்த்ததில்லை. மூன்றாவது தாளில் குரல் நின்றது.

"இன்னாடா நின்னுட்ட? படி."

"உடன்குடி சீனியம்மாள்... இருநூறு ரூபா. அந்தத் தம்பி சீக்கிரம் எந்திரிச்சு நடக்கணும்னு..."

ரமாபாய் மைக்கை அவன் வாயோரம் கொண்டுபோனாள். "சத்தமாப் படி. பெத்தவ பாத்துக்கினு இருப்பா, அவளுக்குக் கேக்க வாணாம்?"