சமன்பாட்டில் விட்டுப்போன ஆள்

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். சர்க்கரையைப் பற்றிய கணக்கு என்றால் மீதிப் பேரும் நம்பமாட்டார்கள். ஆனால் என் கணக்கு சர்க்கரையைப் பற்றியதுதான். ரத்தச் சர்க்கரையை அளக்கும் மின்முனையின் மேல் ஒரு நொதியைப் பூசியிருப்பார்கள். நொதி சர்க்கரையிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். கூடவே இருக்கும் இன்னொரு பொருள் அதை வாங்கிக்கொண்டுபோய் மின்முனையில் சேர்க்கும். எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு மின்னோட்டம் வரும் என்று சமன்பாட்டால் சொல்வது என் வேலை. இரண்டாயிரங்களின் நடுவில், எம். புதுப்பட்டியிலிருந்து பஸ் மாறி விருதுநகருக்குப் போய்வந்து இதைச் செய்துகொண்டிருந்தேன்.

சர்க்கரை குறைவாக இருக்கும்வரை வரைபடத்தில் என் சமன்பாட்டின் கோடு சோதனைப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போனது. சர்க்கரை கூடக்கூட கோடு ஏறியது, புள்ளிகள் கீழேயே நின்றன. ஆய்வு வழிகாட்டியான பேராசிரியை ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார்.

“தீபாவளிக்குள்ள சரியாகலைன்னா இந்த அத்தியாயத்தை எடுத்துரும்மா” என்றார்.

அதை எடுத்தால் ஆய்வேட்டில் அட்டைதான் மிஞ்சும். எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன வேகத்தில் குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

அந்தத் தீபாவளி சீசனில் அம்மாவுக்குக் காய்ச்சல். அவள் பட்டாசு ஆலையில் தட்டு தூக்குபவள். ஒவ்வொரு அறைக்குள்ளும் நாலு பேர் உட்கார்ந்து வெடிக்குள் மருந்து செலுத்துவார்கள். நாலு அறைகளில் அவர்கள் முடித்த வெடிகளைத் தட்டோடு எடுத்துக் காயப்போடும் மேடைக்குக் கொண்டுபோவது அம்மா. ரூமுக்கு எத்தனை ஆள் என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் நாலு என்பார்கள். வெயிலில் நடப்பவளைச் சேர்ப்பதில்லை. அம்மாவே தன்னைச் சேர்த்துச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் போர்மேன் வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“என்னத்தா, இப்படிப் படுத்துட்டா எப்படி? நாலு ரூமும் நிக்குது. மருந்து இருக்கு, ஆளும் வந்திருக்காக. செஞ்சதை அள்ளிட்டுப் போகத்தான் ஆளில்ல. ரூமுக்குள்ளயே அடுக்கி வைக்க முடியுமா? இனி எம்புட்டு மருந்து கொண்டாந்து கொடுத்தாலும் கையக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாக.”

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

“இன்னைக்கு வரமாட்டாக அண்ணாச்சி. காய்ச்சல் நின்னாத்தான் வருவாக.”

வேன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நொதியிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிப்போகும் அந்தப் பொருளுக்கு நேரமே ஆகாது என்று வைத்துக்கொண்டு, அதைக் குறிக்கும் உறுப்பைச் சமன்பாட்டிலிருந்து நீக்கியிருந்தேன். சர்க்கரை குறைவென்றால் அதனால் கெடுதல் இல்லை. சர்க்கரை குவிந்தால், அள்ளிப்போக ஆள் வராமல் நொதி காத்துக் கிடக்கும், மின்னோட்டம் அதற்கு மேல் ஏறாது. வேறு யார் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். தட்டு தூக்குபவளின் மகள் செய்திருக்கிறேன்.

அந்த உறுப்பைச் சேர்த்து முதல் வரியிலிருந்து போட்டேன். நாற்பது பக்கம், மூன்று வாரம். இரண்டு முறை பாதியில் தப்பாகி, இரண்டு முறையும் கிழித்துப்போட்டு மறுபடி ஆரம்பித்தேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், கல்லூரிக் கணிப்பொறியில் கோடு வளைந்து கடைசிப் புள்ளிவரை உட்கார்ந்தது.

பேராசிரியை தாள்களைப் புரட்டிப் பார்த்தார். “அத்தியாயம் இருக்கட்டும்” என்றார். பிறகு நான் புதிதாய்ச் சேர்த்த இடத்தைப் பேனாவால் தொட்டார்.

“சமன்பாடுதான் நீளமாயிருச்சு. இந்த ஒரு உறுப்பை மட்டும் எடுத்துட்டா பார்க்க அழகா இருக்கும்.”

“அதை எடுக்க முடியாது மேடம்” என்றேன். “அது எங்கம்மா.”