ரோமம் கத்தரித்த மறுநாள்

மலை மேய்ச்சலில் ஆடு மேய்க்கும் சைராகுல் இலையுதிர்கால வழக்கப்படி ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்த மறுநாளே, பருவம் தப்பிப் பனி கொட்டியது. சில ஆடுகள் விறைத்துச் செத்தன. ஊரில் பார்லி அறுவடை முடியும்வரை மந்தைகள் கீழே இறங்கக் கூடாதென்பது மேய்ச்சல் குழுவின் கட்டுப்பாடு. அவள் மீதி ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஊர் எல்லையில் குழுத் தலைவர் தொலோன்பெக் குதிரையைக் குறுக்கே நிறுத்தினார். “அறுவடைக்கு இன்னும் நாளிருக்கேம்மா!”

“அதைப் பனிகிட்ட சொல்லுங்கண்ணே! நீங்க போட்டிருக்கிற கம்பளிக் கோட்டைக் கழட்டிட்டு ஒரு ராத்திரி மலை மேல படுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.”

“பார்லியை மேஞ்சா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன். செத்த ஆட்டுக்கு நீங்க சொல்லுங்க.”

அவர் நகரவில்லை. சைராகுல் சீழ்க்கையடித்தாள். மந்தை குதிரையைச் சுற்றிக்கொண்டு ஓடியது. வயல் பக்கம் ஒன்றைக்கூட விடாமல், நேராக அவருடைய தொழுவத்துக்கே ஓட்டிப்போய்க் கதவைத் திறந்தாள்.